நஸீஹா டீச்சர் சொல்லிக்கொடுத்த முடிவுரை

நஸீஹா டீச்சருக்குக் குட்டையான உருவம், பெரிய குரல். அவள் வகுப்பில் வாயைத் திறந்தால் படகுத்துறையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் அன்றைய பாடம் மனப்பாடமாகிவிடும் என்று ஊரில் கேலி உண்டு. கெர்கென்னாத் தீவில் பிறந்தவள். ஆசிரியர் பயிற்சிக்காக மட்டும் கப்பலேறி ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்குப் போனாள். அங்கே கார்ச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று புலம்பிக்கொண்டே படித்து முடித்துத் திரும்பி வந்து, அன்றிலிருந்து ஒரே பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைக் கட்டி மேய்க்கிறாள். இன்று அவளிடம் படிக்கும் பிள்ளைகளில் பாதிப்பேரின் அப்பாவையும் அவள்தான் காதைத் திருகி உட்கார வைத்தாள்.

அவளுக்கு வாய்த்த தீராத தலைவலி, பிள்ளைகள் எழுதும் முடிவுரை. பிராணிகளைப் பற்றித் தகவல் கட்டுரை எழுதச் சொன்னால் முன்னுரையை எப்படியோ ஒப்பேற்றிவிடுவார்கள். நடுப்பகுதி பிரமாதமாக இருக்கும். கடற்கரைப் பிள்ளைகள், கண்ணால் பார்த்ததை எழுதுவதில் குறை வைக்க மாட்டார்கள். முடிவுரை வந்ததும் அந்தப் பிராணி அடுப்பில் ஏறிவிடும். செம்மறி ஆட்டுக் கட்டுரை வயிற்றுக்குள் சோறும் கீரையும் அடைத்துத் தைப்பதில் முடியும். கணவாய்க் கட்டுரை பூண்டில் முடியும். கடற்புறாவைப் பற்றி எழுதிய ஒருவன், "இதை யாரும் சாப்பிடுவதில்லை. என் மாமா ஒரு முறை சாப்பிட்டார்" என்று முடித்திருந்தான். சமையல் தெரியாத பிள்ளைகள் பசுமாட்டுக் கட்டுரையிலிருந்து மனப்பாடம் செய்த வரிகளை அப்படியே இறக்கி வைப்பார்கள். அந்த வகையில் தேளும் ஒரு பயனுள்ள பிராணி, அதன் பாலும் தோலும் மனிதனுக்கு உதவுகின்றன.

அந்த வருஷம் பிப்ரவரியில் டீச்சர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வகுப்பின் முன்னால் நின்றாள்.

"முடிவுரைங்கறது வீட்டுக்கு வந்தவங்களை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பி வைக்கிற மாதிரி. இவ்வளவு நேரம் உள்ள உக்காந்து என்ன பேசினோமோ அதுல முக்கியமானதைக் கையில குடுத்து அனுப்பணும். வாசல்ல நின்னுகிட்டுப் புதுக்கதை ஆரம்பிக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"எங்க அம்மா வாசல்லதான் டீச்சர் பேசவே ஆரம்பிப்பாங்க" என்றான் பின்வரிசையிலிருந்து ஒருவன்.

"உங்க அம்மா சின்ன வயசுல எழுதின முடிவுரையும் அப்படித்தான் இருந்துச்சு. உக்காரு."

இதையே மாதக்கணக்கில் சொன்னாள். புதிய தகவல் கூடாது. நடுவில் சொன்னதைச் சேர்த்துப் பார்த்து, அதிலிருந்து என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். சொல்வது முன்னால் எழுதியதோடு பொருந்த வேண்டும். மே மாதம் வந்தபோது பூனையிடம் பால் கறப்பது நின்றிருந்தது. ஆமைக் கட்டுரை ஒன்று, "நூறு முட்டை இட்டாலும் தப்பிப் பிழைப்பது கொஞ்சம்தான் என்பதால், ஆமைக்கு அவசரமில்லாத கடற்கரை வேண்டும்" என்று முடிந்திருந்தது. அதைப் படித்துவிட்டு டீச்சர் ஓய்வறையில் இருந்த எல்லோருக்கும் பாதாம் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாள். இந்தக் காலத்தில் பாராட்டுவதற்கு எவ்வளவோ வழி இருக்கிறது. நஸீஹாவுக்குத் தெரிந்தது தீனி வாங்கிக் கொடுப்பது ஒன்றுதான்.

வினை ஜூன் மாதம் நிஸ்ரீன் என்கிற பெண்ணின் ரூபத்தில் வந்தது. ஒல்லியான பிள்ளை, மீனவர் ரஷீதின் மகள். எதையும் சொன்னபடி செய்கிறவள். வரிசையில் நிற்கச் சொன்னால் மற்றவர்கள் கலைந்த பிறகும் நிற்பாள். அவள் ஆக்டோபஸைப் பற்றி எழுதியிருந்தாள். மூன்று இதயம், நீல ரத்தம், நிறம் மாறுவது, எதைக் கண்டாலும் ஓடி ஒளிவது எல்லாம் இருந்தன. கோடையில் தாய் ஆக்டோபஸ் கடலடியில் கிடக்கும் மண் கலயத்துக்குள் புகுந்துகொண்டு, உள்சுவரில் முட்டைகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டு, அவற்றின் மேல் தண்ணீரை ஊதிக்கொண்டே இருக்கும். சாப்பிடாது. நகராது. குஞ்சுகள் வெளியே வந்ததும் இறந்துபோகும். இதனால்தான் அந்த மாதங்களில் பிடிக்கத் தடை என்று ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்து, முடிவுரையில் இப்படி வைத்திருந்தாள்: "ஆகவே கோடையில் ஆக்டோபஸைப் பிடிக்கக் கூடாது. எங்கள் டீச்சர் வீட்டில் மட்டும் பிடிக்கலாம்."

நஸீஹா அவளை மேசைக்கருகில் கூப்பிட்டாள்.

"இது யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல டீச்சர். உங்க மாடிக் கொடியில காயுது. லமீன் மாமா பேன்ட்டுக்குப் பக்கத்துல. அனுமதி இல்லாமலா டீச்சர் வீட்டுல காயும்?"

அந்தப் பெண் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்திருந்தால் இரண்டு அதட்டல் போட்டுச் சமாளித்திருக்கலாம். அவள் நம்பித்தான் எழுதியிருந்தாள். அதுதான் நஸீஹாவைச் சுட்டது.

நஸீஹாவின் கணவன் லமீன், மண் கலயங்களைக் கடலடியில் இறக்கி, அவற்றுக்குள் வந்து ஒண்டும் ஆக்டோபஸைப் பிடிக்கிறவன். தடைக் காலத்திலும் போவான். போகாதவர்களைத் தீவில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் போன கோடையில் கையும் களவுமாக மாட்டிக்கொண்டவன் அவன் ஒருவன்தான். கடல் காவலின் தலைவர் ஷுக்ரி எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார், இன்னொரு முறை பிடிபட்டால் படகின் அனுமதி ரத்து என்று. படகு போனால் வீட்டில் பாதி வருமானம் போகும். மகள் சுமையா ஸ்ஃபாக்ஸில் அறை எடுத்துத் தங்கி மருந்தாளுநர் படிப்புப் படிக்கிறாள், அவளும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து சேர வேண்டியதுதான். இதில் கூத்து என்னவென்றால், மாதக் கடைசியில் நடக்கும் பள்ளி விழாவில் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒரு கட்டுரையை மேடையில் படிப்பார்கள். அந்த வருஷம் பரிசு கொடுக்க வரப்போகிறவர் அதே ஷுக்ரி.

நஸீஹா சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வாக்கியத்தை அடித்தாள். "முடிவுரையில புதுத் தகவல் வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லையா?"

மறுநாள் நிஸ்ரீன் திருத்திய கட்டுரையோடு வந்தாள். முகத்தில் சொன்னபடி செய்துவிட்ட நிம்மதி.

"முடிவுரையில புதுசா சொல்லக் கூடாதுன்னீங்க டீச்சர். அதனால நடுவுல எழுதிட்டேன். நடுவுல வந்ததை முடிவுரையில ஒருதரம் தொடணும்னும் சொன்னீங்க. அதனால அங்கயும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

நேற்று ஓர் இடத்தில் இருந்த வாக்கியம் இன்று இரண்டு இடத்தில் இருந்தது. நஸீஹா வாய்க்கு வந்த அடுத்த சாக்கைச் சொன்னாள்.

"ஒரே ஒரு வீட்டைப் பாத்துட்டு இப்படி முடிவு கட்டலாமா? ஒரு உதாரணம் பத்தாது கண்ணு. அதை எடுத்துடு."

எடுத்துவிடு என்பதுதான் அவள் சொல்ல வந்தது. பிள்ளைகள் காதில் விழுந்தது பத்தாது என்பது மட்டும். அன்று சாயங்காலம் வகுப்பே சைக்கிள்களில் கிளம்பி, ஊரில் ஒரு மாடி பாக்கியில்லாமல் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தது. சந்தேகம் வந்த இடத்தில் மதில் ஏறியும் பார்த்தார்கள். "என்னடா தேடுறீங்க" என்று கேட்டவர்களிடம், "டீச்சர் சொன்னாங்க" என்றார்கள். ஊர் அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையில் நிஸ்ரீன் மேசைக்கருகில் வந்து நின்றாள். வழக்கமான நிம்மதி முகத்தில் இல்லை.

"எங்க வீட்டுலயும் காயுது டீச்சர். தினம் அது கீழதான் விளையாடுறேன். மேல பாத்ததே இல்ல." கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "அப்ப உங்க வீட்டுக்கு மட்டும்னு தனியா அனுமதி ஒண்ணும் இல்ல, இல்லையா?"

"இல்ல" என்றாள் நஸீஹா. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

மேடையில் எதைப் படிப்பது என்று வகுப்பில் கை தூக்கச் சொன்னபோது, ஆமைக்காரன் உட்பட எல்லோரும் ஆக்டோபஸுக்கே தூக்கினார்கள். மதில் ஏறிய உழைப்பு அதில் இருந்ததே. தலைமை ஆசிரியர் கட்டுரையைப் படித்துப் பார்க்காமலே நிகழ்ச்சி நிரலில் சேர்த்து அச்சுக்கு அனுப்பிவிட்டார். அவர் எதையும் படித்துப் பார்த்து யாரும் பார்த்ததில்லை.

அன்று மாலை பார்லிக் கஞ்சியும் ஆக்டோபஸும் தட்டில் இருக்க, நஸீஹா புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். லமீன் முதலில் சிரித்தான். பரிசு கொடுக்க வருவது யார் என்று கேட்டதும் சிரிப்பு நின்றது.

"அடிச்சு விட்டுடு. சின்னப் பிள்ளை எழுதினதுதானே."

"எதைச் சொல்லி அடிக்கிறது? ரெண்டு தரம் அடிச்சேன். ரெண்டு தரமும் பெருசா வளந்து வந்து நிக்குது. முன்னால எழுதினதோட முடிவு பொருந்தணும்னு பிப்ரவரியிலேருந்து கத்திகிட்டு இருக்கேன்."

"அப்ப ஆக்டோபஸுக்கு ஒம்பது கைன்னு எழுதச் சொல்லு. கட்டுரையே பொய்யின்னு ஆயிடும். எல்லாம் பொருந்தும்." கரண்டியைத் தட்டில் போட்டான். "என் படகு போனா சுமையாவோட வாடகைக்கு உன் முடிவுரையை வித்துக் குடுப்பியா? நீ மட்டும் என்ன, தலைப்பக்கம் எனக்குன்னு தினம் எடுத்து வச்சுச் சாப்பிடுறவதானே."

அப்போதும் தலைப்பக்கம் அவள் தட்டில்தான் இருந்தது. சண்டைக்குச் சண்டையாக, பையிலிருந்து கட்டுரையை எடுத்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். அதில் தப்பு ஒன்று இருந்தால் சொல்லு பார்க்கலாம் என்கிற மாதிரி. சாப்பிடாது, நகராது என்கிற இடத்தில் லமீன் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான்.

"அது சரியாத்தான் எழுதியிருக்கு" என்றான். குரல் இறங்கியிருந்தது. "மத்த மாசத்துல கலயத்தைத் தூக்கி ஒரு பிடி உப்பைப் போட்டா, துள்ளிகிட்டு வெளிய வந்து விழும். ஜூன்ல வராது. எவ்வளவு உப்புப் போட்டாலும் வராது. முட்டையைக் கட்டிப் பிடிச்சுகிட்டு உள்ளயே கிடக்கும். கலயத்தைக் கல்லால உடைச்சுத்தான் எடுக்கணும்."

"அதுக்குத்தான் வருஷா வருஷம் புதுக் கலயம் வாங்குறியா?"

"நீ கேட்டதில்லயே."

"பாறையில மோதி உடையுதுன்னு நெனச்சேன்."

"அப்படியே நெனச்சுக்கட்டும்னுதான் நானும் விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் கை கழுவினான். அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். அவளுக்குப் புருஷன் மேல் கோபம் வரவில்லை. இத்தனை வருஷம் கல்லால் உடைத்துவிட்டு வந்து, வீட்டில் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்தவனை நினைத்து அழுகை வந்தது. கூடவே படகை நினைத்துப் பயமும் வந்தது. இரண்டும் சேர்ந்து அன்று அவளை ஒரு வேலையும் செய்ய விடவில்லை.

மறுநாள் நிஸ்ரீனைத் தனியாகக் கூப்பிட்டுக் கல்லால் உடைக்கும் விஷயத்தைச் சொன்னாள்.

"இது நடுவுல சேக்க வேண்டிய தகவல். யார் சொன்னாங்கன்னு எழுதணும்னா, ஒரு மீனவர் சொன்னார்னு எழுது."

"முடிவுரை டீச்சர்? அடிச்சுடவா?"

"அடிக்க வேண்டாம். எல்லாத்தையும் திரும்பப் படிச்சுப் பாரு. என்ன தெரியுதோ அதை எழுது. நான் பேனாவைத் தொட மாட்டேன். படிச்சும் பாக்க மாட்டேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னோம் என்று விழா நாள் வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டாள்.

விழாவுக்குப் பள்ளி முற்றத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி வழக்கம்போலக் கிறீச்சிட்டது. ஷுக்ரி சீருடையில் வியர்த்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தார். எதிரே மனைவியும் மாமியாரும். இந்த விழாப் பக்கமே எட்டிப் பார்க்காத லமீன் அன்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தான். வருகிற திட்டை வாங்கிக்கொள்ள வந்தவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நஸீஹா மேடையோரம் நின்றாள்.

நிஸ்ரீன் நிதானமாகப் படித்தாள். இதயம் மூன்று என்றதும் கைதட்டினார்கள். கலயத்தைக் கல்லால் உடைக்கும் இடம் வந்ததும் ஆண்கள் பக்கம் நாற்காலிகள் முனகின. ஊரில் எல்லா மாடியிலும் காய்கிறது என்ற இடத்தில் சிலர் செருப்பைப் பார்த்தார்கள். பிறகு அவள் தாளைத் திருப்பினாள்.

"இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால், ஆக்டோபஸ் எதைக் கண்டாலும் ஓடிவிடும் பிராணி. முட்டைகள் இருக்கும்போது மட்டும் அது ஓடுவதில்லை. ஓடாததால், ஜூன் மாதத்தில் அதைப் பிடிப்பது சுலபம். நாங்கள் எல்லோரும் அதைச் சாப்பிடுகிறோம்."

அவ்வளவுதான். அவள் தாளை மடித்துக்கொண்டு நின்றாள். யாரும் கைதட்டவில்லை. நஸீஹாவுக்கு இருந்த பயத்திலும் ஒன்று உறைத்தது, அந்த நாலு வரியில் புதுத் தகவல் ஒன்றுகூட இல்லை. தன் வாழ்நாளில் ஒரு பிள்ளை எழுதி அவள் கேட்ட மிகச் சரியான முடிவுரை அது. அதற்காகச் சந்தோஷப்படுவதா, படகுக்காக அழுவதா என்று தெரியாமல் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஷுக்ரி எழுந்து ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தார். லமீனை ஒரு பார்வை பார்த்தார்.

"எல்லாரும்னு சொன்னியே பாப்பா, அதுல என் வீடும் உண்டா?"

"உண்டு மாமா" என்றாள் நிஸ்ரீன் மரியாதையாக. "உங்க வீட்டுல ரெண்டு கொடி."

முற்றம் குலுங்கியது. ஷுக்ரியின் மனைவி முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் கழுத்து வரைக்கும் சிவந்துபோய், சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்துவிட்டு, "ஒண்ணுதான் என்னோடது. இன்னொண்ணு என் மாமியாரோடது" என்றார். மாமியார் முன்வரிசையிலிருந்து, "காயப்போட்டுக் குடுத்தது யாரு?" என்று கேட்டாள். ஷுக்ரி பரிசைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

விழா முடிந்து வெளியே வரும்போது ஆண்கள் லமீனைச் சூழ்ந்துகொண்டார்கள். "உன் பொண்டாட்டி ஊரையே ஒரே படகுல ஏத்திக் கவுத்துட்டாளே" என்றார் நிஸ்ரீனின் அப்பா ரஷீத். பேச்சில் கோபத்தைவிட வெட்கம்தான் கூடுதலாக இருந்தது. ஷுக்ரி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து லமீனின் தோளில் தட்டினார்.

"இந்த வருஷம் யார் படகையும் நான் பாக்கறதா இல்ல லமீன். பாக்க ஆரம்பிச்சா மொதல்ல மாமியாரைப் பிடிக்கணும்."

படகு பிழைத்தது. நஸீஹா அதை நாலடி தள்ளி நின்று கேட்டாள். மார்பிலிருந்து பாறாங்கல்லை எடுத்து வைத்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷமே வேறொரு கவலை வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது. இனி லமீனைத் தடுக்க யாருமில்லை. நாளைக்கே போகலாம், பட்டப்பகலில் போகலாம்.

இரண்டு பேரும் வீட்டை நோக்கி நடந்தார்கள். பாதி வழியில் அவள்தான் கேட்டாள்.

"நாளைக்குக் காலையில எத்தனை மணிக்குக் கிளம்புற?"

"அந்தக் கட்டுரை என்னைத் தனியா எழுப்பி நிக்க வைக்கும்னு நெனச்சுத்தான் வந்தேன்" என்றான் அவன், கேட்டதற்குப் பதில் சொல்லாமல். "நிக்கலாம்னு மனசைத் தேத்திகிட்டும் வந்தேன். அந்தப் பொண்ணு என்னடான்னா, நாங்க எல்லாரும்னு சொல்லித் தன் தட்டையும் கொண்டாந்து எங்ககூடப் போட்டுகிட்டு உக்காந்துடுச்சு. அதுக்கப்புறம் எப்படிப் போறது?"

"சுமையாவுக்கு?"

"கடல்ல நட்டு வச்சிருக்கிற மட்டை வேலியில மீன் விழுது. குறைச்சலாத்தான் வரும். சமாளிப்போம். கலயமெல்லாம் கிடக்குற இடத்துலயே கிடக்கட்டும்."

"நீ விட்டாலும் குஞ்சு வெளிய வந்ததும் தாய் செத்துத்தானே போகும்" என்றாள் நஸீஹா. அவன் உறுதியைச் சோதிக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. வாய்க்கு வந்துவிட்டது.

"சாகும்" என்றான் லமீன். "வேலையை முடிச்சுட்டுச் சாகட்டும்."

தெருவில் ஆட்கள் இன்னும் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் வகுப்புப் பிள்ளைகள் சைக்கிளில் கடந்து போனார்கள். நஸீஹா டீச்சர் யாரையும் பார்க்காமல் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தாள்.